வடமும் வளையமும்

களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தின் தென்கரையில், கொழும்பு மாநகரின் வட எல்லையாக அமைந்தது மட்டக்குளி. அதன் அயலிலுள்ள முகத்துவாரம் ஆற்றின் வாயிலிருந்தே தன் பெயரைப் பெற்றது. எதிர்க்கரையில், ஆங்கிலேயர் 1802ஆம் ஆண்டில் தொடங்கி 1804ஆம் ஆண்டில் வெட்டி முடித்த ஹமில்டன் கால்வாய் நீர்கொழும்பை நோக்கிச் செல்கின்றது. சற்று மேலே, பாலத்துறையில், 1822ஆம் ஆண்டு முதல் படகுகளை வரிசையாகப் பிணைத்து அமைத்த மிதவைப் பாலம் ஒன்று இருந்தது. 1895ஆம் ஆண்டில் விக்டோரியாப் பாலம் எழும்வரை கொழும்புக்கும் வடக்கிற்குமான போக்குவரவு அதன்மேலேயே நடந்தது. ஓலைக்கூரை வேய்ந்த தட்டையடிச் சரக்குப் படகுகள் இந்நீர்வழிகளில் கோலால் தள்ளப்பட்டும் கயிற்றால் இழுக்கப்பட்டும் சென்றன.

நீர்வழித் தொழிலோர் யாவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. இழுக்கும் கயிற்றைப் பலகையிற் கட்டினால் பலகை கையோடு வரும். படகு நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே வளையம் படகின் உடற்கட்டைத் தாங்கும் வன்மரத்தோடு பிணைக்கப்படல் வேண்டும். தேர் இழுக்கும் ஊர்களிலும் இவ்வறிவு உண்டு. தேர்வடத்தை அலங்காரத் தூணிலே கட்டுவார் எவருமிலர்; அச்சைத் தாங்கும் அடிப்பாகத்திலேயே அது பூட்டப்படும். இத்துணை எளிய அறிவை மோட்டார் வாகனம் தன் வளர்ச்சியின் நடுவே மறந்து, பின்னர்ப் பந்தயத் திடலில் மனித உயிரை விலையாகக் கொடுத்து மீண்டும் கற்றுக்கொண்ட வரலாறு சிந்தனைக்குரியது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் மோட்டார்க் கார் இலங்கையை அடைந்தது. 1904ஆம் ஆண்டிலேயே கார் உடையோர் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். அக்காலத்துக் கார்களின் அமைப்பு வண்டியின் அமைப்பையே ஒத்திருந்தது. நீண்ட இரண்டு எஃகுச் சட்டங்கள் முன்னிருந்து பின்வரை ஓடின. அவற்றின்மேல் இயந்திரமும் இருக்கைகளும் ஏற்றப்பட்டன. சேசிஸ் எனப்படும் இவ்வடிச்சட்டத்தின் முன்முனைகள் வில்லைத் தாங்கும்பொருட்டு முகப்புக்கு வெளியே வளைந்து நீண்டிருந்தன. கார் சேற்றில் அமிழ்ந்தால் அம்முனைகளிற் கயிற்றைச் சுற்றி, எருதுகளைப் பூட்டியோ ஆட்களைக் கூட்டியோ இழுத்துவிடலாம். இழுவைக்கெனத் தனி வளையம் அன்று தேவைப்படவில்லை.

பந்தயங்களிலும் நிலைமை அதுவே. இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் ஓடுதளம் 1907ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பிரான்சில் லெ மான் என்னும் நகரிலே 24 மணி நேரப் பந்தயம் 1923ஆம் ஆண்டில் தொடங்கியது. மணல்மேட்டில் ஏறிப் புதைந்த காரை, ஓட்டியவரே மண்வெட்டியால் தோண்டி மீட்கவேண்டும் என்பது அங்கு நிலவிய முறை. பிறர் கையால் உதவி பெற்றவர் போட்டியை இழந்தார். ஆகவே பழுதுற்ற காரை அகற்றும் தொழில் பந்தயத்தின் ஓர் அங்கமாக அக்காலத்தில் வளரவில்லை.

இலங்கையில் மோட்டார்ப் பந்தயம் முதலில் மலைநாட்டில் வேரூன்றியது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் 1934ஆம் ஆண்டில் மலையேற்றப் போட்டி தொடங்கியது. சித்திரை மாத வசந்தகாலக் கொண்டாட்டத்தின் ஒரு பகுதியாக அது புகழ்பெற்றது. ஒருவர்பின் ஒருவராகக் கார்கள் மேல்நோக்கி ஓட, நேரமே வெற்றியை முடிவு செய்யும். இரண்டாம் உலகப் போருக்குப்பின் வேறொரு வகைத் தளம் கிடைத்தது. போர்க்காலத்து விமானத் தளங்கள் வெறுமையாய்க் கிடந்தன. களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையிலும், சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் அவ்வோடுபாதைகள் பந்தயத் தளங்களாயின. சென்னையில் 1953ஆம் ஆண்டில் மோட்டார் விளையாட்டுக் கழகம் நிறுவப்பட்டபின் சோழவரப் பந்தயங்கள் பெருங்கூட்டத்தை ஈர்த்தன. இலங்கை வீரர் பலர் கடல் கடந்து சென்று அங்கே போட்டியிட்டனர். இருங்காட்டுக்கோட்டையிலே முறையான பந்தயத் தளம் 1990ஆம் ஆண்டில் திறக்கப்படும்வரை சோழவரமே தென்னிந்தியப் பந்தயத்தின் தலைமையிடமாக விளங்கியது.

தளம் வேறுபட்டபோது மீட்கும் பணியும் வேறுபட்டது. விமானத்தளம் சமநிலம், வழிதவறிய கார் புல்வெளியில் ஓடி நிற்கும். நால்வர் சேர்ந்து தள்ளினாலே போதும். தேயிலை மலையிலோ பாதையின் ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் பள்ளம். அங்கே விழிம்பில் தொங்கும் காரைக் கயிறு கொண்டே மீட்கவேண்டும். அதுவும் நேரே இழுக்க இடமின்றி, பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ இழுக்க நேரும்.

இதே காலத்தில் காரின் உடலமைப்பிலும் ஒரு புரட்சி நிகழ்ந்துகொண்டிருந்தது. தனியான அடிச்சட்டத்தை நீக்கி, தகட்டு உடலையே பெட்டிபோல் மடித்து வலிமையூட்டும் முறை 1930களில் பரவத் தொடங்கியது. பிரான்சின் சிட்ரோவன் நிறுவனம் 1934ஆம் ஆண்டில் இம்முறையிற் செய்த கார் பெயர்பெற்றது. 1948ஆம் ஆண்டில் வெளிவந்த மொரிஸ் மைனரும் இவ்வகையினதே. விளையாட்டுக் கார்கள் சற்றுப் பிந்தியே இவ்வழியிற் சென்றன. 1955ஆம் ஆண்டின் எம்.ஜி.ஏ. தனி அடிச்சட்டம் உடையது; அதன் வழித்தோன்றலாக 1962ஆம் ஆண்டில் வந்த எம்.ஜி.பி. தகட்டுப் பெட்டியால் ஆனது. எடை குறைந்தது, விறைப்பு மிகுந்தது, வேகமும் கூடியது. ஆயின் கயிறு கட்ட உறுதியான இடம் மறைந்துபோயிற்று.

பின்னர் முகப்பு முழுவதையும் மூடும் பிளாஸ்டிக் பம்பர்கள் வழக்கிற்கு வந்தன. உற்பத்தியாளர் பம்பரில் ஒரு சிறு மூடியை அமைத்து, அதன் பின்னே மரையிட்ட துளை ஒன்றை வைத்தனர். கருவிப் பையிலுள்ள எஃகு வளையத்தைத் தேவைப்படும்போது அத்துளையில் முறுக்கிக்கொள்ளலாம். தெருவிலே பழுதாகி நின்ற காரைச் சமதரையில் நேரே இழுத்து லொறியில் ஏற்றுவதற்கு இது போதுமானதே. வேறு சில கார்களின் அடியிலே காணப்படும் கொளுவிகளோ, கப்பலிலும் லொறியிலும் காரை அசையாமற் கீழ்நோக்கிக் கட்டுவதற்கென வைக்கப்பட்டவை. அவற்றை இழுவைக்குரியவை என எண்ணுவது பிழை.

தெருவுக்குப் போதுமான வளையம் பந்தயத் திடலில் ஏன் போதாது? இதற்கு விடை பொறியியலின் எளிய கணக்கிலே உள்ளது. 1,000 கிலோ எடையுள்ள காரைச் சமமான தார்ப் பாதையில் உருட்டுவதற்கு 15 அல்லது 20 கிலோ விசை போதும். ஐந்தில் ஒரு பங்கு சரிவுள்ள மேட்டில் ஏற்றவேண்டுமாயின் அதனோடு ஏறத்தாழ 200 கிலோ கூடுகின்றது. சக்கரங்கள் அச்சுவரை கூழாங்கல்லிலோ சேற்றிலோ புதைந்துவிட்டாலோ, தேவையான விசை காரின் எடையையே நெருங்கக்கூடும். தடம் விலகும் கார்களை விரைவில் நிறுத்தும்பொருட்டுப் பந்தயத் தளங்களின் வளைவுகளில் கூழாங்கல் படுகைகள் அமைக்கப்பட்டன. ஓட்டுபவரின் உயிரைக் காத்த அப்படுகை, காரை மீட்பவரின் சுமையைப் பன்மடங்காக்கியது.

இழுக்கும் திசை அதனினும் முக்கியமானது. வலிய எஃகினாலான 16 மில்லிமீற்றர் விட்டமுள்ள தண்டு ஒன்றைக் கருதுவோம். மரையின் பள்ளத்தைக் கணக்கில் சேர்க்காவிடில், நேர்க்கோட்டில் இழுத்தால் அது நிலையாக நீளத் தொடங்குமுன் சுமார் 13 தொன் விசையைத் தாங்கும். அதே தண்டு 100 மில்லிமீற்றர் வெளியே நீண்டிருக்க, அதன் நுனியைப் பக்கவாட்டில் இழுத்தால், சுமார் 260 கிலோ விசையிலேயே அது வளையத் தொடங்கும். எஃகு ஒன்றே, திசை மாறியவுடன் வலிமை ஐம்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகின்றது. வளையை வளைப்பது சிறுவிசையே என்பதை மூங்கிற் கோலைக் கையாண்ட எவரும் அறிவர். விழிம்பில் தொங்கும் காரை எந்தப் பக்கமிருந்து இழுக்கவேண்டிவரும் என்பதை முன்கூட்டிச் சொல்வார் யார்?

மூன்றாவது, வெட்டியிழுத்தலின் கேடு. தளர்ந்து கிடக்கும் கயிற்றை 2,000 கிலோ எடையுள்ள வாகனம் ஒன்று மணிக்கு 5 கிலோமீற்றர் என்னும் நடைவேகத்திற் சென்று இறுக்குவதாகக் கொள்வோம். புதைந்த கார் அசையாதிருக்க, கயிறு 5 சென்ரிமீற்றர் மட்டுமே நீளக்கூடிய கம்பிவடமாயின், அக்கணத்தில் வளையத்தின்மேல் ஏறத்தாழ 8 தொன் விசை பாயும். 50 சென்ரிமீற்றர் நீளவல்ல நைலோன் பட்டியாயின் அவ்விசை ஒரு தொன்னிலும் குறையும். அறுந்த வளையம் துப்பாக்கிக் குண்டுபோற் பறக்கும். ஆதலாலேயே இழுக்கும் வடத்தின் நேர்க்கோட்டில் எவரும் நிற்கலாகாது என்பது மீட்புப் பணியாளரின் முதல் விதியாயிற்று.

இவ்வுண்மைகளை உணர்ந்த உலக மோட்டார் சம்மேளனம் தன் பாதுகாப்பு விதிகளில் இழுவை வளையத்தைக் கட்டாயமாக்கியது. எல்லாப் போட்டிகளிலும் காரின் முன்னும் பின்னும் வளையம் இருத்தல் வேண்டும். அது எளிதிற் கண்ணுக்குப் புலப்படவேண்டும். மஞ்சள், சிவப்பு, செம்மஞ்சள் என்னும் நிறங்களுள் ஒன்று பூசப்படவேண்டும். தடையின்றி உருளக்கூடிய காரை இழுப்பதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்றும் அவ்விதி கூறுகின்றது. நிறம் பற்றிய ஒழுங்கு அழகுக்காக ஏற்பட்டதன்று. புழுதியிலும் மழையிலும் ஓடிவரும் பணியாளர், குனிந்து தேடாமல், கண்டவுடன் கொளுவியை மாட்டவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அந்தப் பணியாளர் யார் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். பெரும்பாலும் அவர் ஊதியம் பெறாத தொண்டர். விளையாட்டின்மேற் கொண்ட பற்றினால் வெயிலிலும் மழையிலும் கொடியேந்தி நிற்பவர். ஓட்டுபவருக்குத் தலைக்கவசமும் இரும்புக் கூண்டும் இருக்கைப் பட்டியும் உண்டு. தொண்டருக்கோ கையுறையும் கொடியுமே துணை. நின்றுபோன காரை நோக்கி அவர் ஓடும்போது மற்றக் கார்கள் அருகே ஓடிக்கொண்டிருத்தல் கூடும்.

2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9ஆம் நாள் கனடாவின் மொன்றியல் நகரில் உலகச் சாம்பியன் பட்டப் பந்தயம் முடிந்தபின், தடம் விலகிய கார் ஒன்றை மீட்பு வாகனம் கொண்டு சென்றது. அதற்குத் துணைநின்ற தொண்டர் ஒருவர் இடறி விழுந்து, அவ்வாகனத்தின் சக்கரத்தில் அகப்பட்டு இறந்தார். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 5ஆம் நாள் ஜப்பானின் சுசுக்கா தளத்தில், கொட்டும் மழையில், நின்றுவிட்ட கார் ஒன்றைப் பாரந்தூக்கி இயந்திரம் அகற்றிக்கொண்டிருந்தபோது, பிரெஞ்சு வீரர் ஜூல்ஸ் பியாங்கியின் கார் வழுக்கிச் சென்று அவ்வியந்திரத்தில் மோதியது. நினைவு திரும்பாமலே 2015ஆம் ஆண்டு ஜூலை மாதம் 17ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். இவ்விரு துயரங்களுக்கும் வளையத்தின் குறை காரணமன்று. ஆயினும், பழுதுற்ற கார் ஒன்று திடலிற் கிடக்கும் ஒவ்வொரு நொடியும் பலருடைய உயிர் துலாக்கோலில் நிற்கின்றது என்பதை உலகம் அவற்றால் உணர்ந்தது. அதன் பின்னரே, விபத்து நிகழ்ந்தவுடன் எல்லாக் கார்களையும் கட்டளையால் மெதுவாக ஓடச்செய்யும் முறை 2015ஆம் ஆண்டில் அப்பந்தயங்களிற் புகுத்தப்பட்டது.

இலங்கையும் இத்துயரிலிருந்து தப்பவில்லை. தியத்தலாவையில் இராணுவக் கல்லூரியின் அருகே செம்மண் தளத்தில் நடைபெறும் பொக்ஸ் ஹில் பந்தயத்தில், 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21ஆம் நாள், கார் ஒன்று தடம் விலகிக் கூட்டத்தினுட் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட 7 பேர் மாண்டனர். இறந்தவருள் தளப் பணியாளரும் இருந்தனர். அதற்குச் சற்றுமுன் வேறொரு கார் பாதையோரத்திற் கவிழ்ந்ததாகவும், வேகத்தைக் குறைக்குமாறு எச்சரிக்கை விளக்குகள் அசைக்கப்பட்டதாகவும் நேரிற் கண்டோர் செய்தியாளரிடம் கூறினர். பாதையோரத்தில் அசையாது கிடக்கும் ஒரு காரே அடுத்த ஆபத்துக்கு வாயிலாகக்கூடும் என்பதை அந்நாள் நாட்டுக்கு உணர்த்தியது.

பந்தயம் மட்டுமன்று, போட்டியின்றித் தம் சொந்தக் காரைத் திடலில் ஓட்டிப் பழகும் நாட்களும் இக்காலத்திற் பெருகியுள்ளன. ட்ராக் டே எனப்படும் அந்நாட்களில் வருவோர், காலையில் தெருவில் ஓட்டிவந்த காரையே திடலில் இறக்குகின்றனர். அவர்களுடைய காரில் உள்ளது தெருவுக்குரிய சிறு வளையமே. அதுவும் பல வேளைகளிற் கருவிப் பையிலே உறங்கும். கார் படுகையிற் புதைந்தபின் மூடியைக் கழற்றி, வளையத்தைத் தேடி எடுத்து, மண்ணடைத்த மரையில் முறுக்குவதற்குள் எத்தனை நொடிகள் கழிகின்றன! ஆகவே, திடலுக்குச் செல்லுமுன்பே வலிய வளையத்தைப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது.

அதைப் பொருத்துவதிலும் படகோட்டியின் பழைய விதியே ஆள்கின்றது. 1996ஆம் ஆண்டில் வெளிவந்த லோட்டஸ் எலீஸ் என்னும் சிறு விளையாட்டுக் கார் இதற்கு நல்ல சான்று. அலுமினியச் சட்டங்களைப் பசையால் ஒட்டி அமைத்த உடற்கட்டு அதனுடையது. வெளியுடலோ கண்ணாடி நாரினால் ஆனது. முகப்பிலுள்ள பெட்டியும், மோதும்போது நொறுங்கி விசையை ஏற்கும்படி, அத்தகைய நார்ப்பொருளாற் செய்யப்பட்டதே. இத்தகைய காரில் வளையத்தை வெளித்தோலிற் பூட்டினால் தோல் கிழியும். அலுமினியச் சட்டத்தையோ பின்பக்கத்து எஃகுத் துணைச்சட்டத்தையோ அது பற்றவேண்டும். சட்டத்தின் உட்புறத்தில் அகன்ற எஃகுத் தகடு ஒன்றை வைத்து மரையாணியை முடுக்கினால், இழுவிசை ஒரு துளையின் விளிம்பில் மட்டும் விழாது பரவிச் செல்லும். நீண்ட தண்டுக்குப் பதிலாகக் குறுகிய தகட்டு வளையத்தையோ, எத்திசையிலும் மடங்கி நேராகிக்கொள்ளும் வலிய நெசவுப் பட்டியையோ பயன்படுத்தினால், பக்கவாட்டு வளைவின் கேடு பெரிதும் நீங்கும். வளையத்தின் துளை, கையுறை அணிந்த கை கொளுவியை மாட்டத் தக்க அகலமுடையதாய் இருத்தல் வேண்டும். கூர்மையாய் வெளியே நீட்டிக்கொண்டிருத்தலும் ஆகாது. தெருவில் நடப்போரின் காலை அது பதம்பார்க்கும்.

கடலோர நகரங்களில் இன்னுமொரு எச்சரிக்கை தேவை. மட்டக்குளி போன்ற இடங்களில் உப்புக்காற்று இடைவிடாது வீசுகின்றது. எஃகாணி அலுமினியத்தைத் தொட்டுநிற்க, அவற்றிடையே உப்பீரம் சேருமாயின், அலுமினியம் மெல்ல அரிக்கப்பட்டு வெண்பொடியாகும். வெளியே வளையம் புதிதாய்ப் பளபளக்க, உள்ளே அதன் பிடி கரைந்துகொண்டிருக்கும். ஆதலால் இரண்டுக்குமிடையே காப்புப் பூச்சிடுதலும், ஆண்டுதோறும் கழற்றிப் பார்த்தலும் அறிவுடைமையாகும். ஒருமுறை பலமாக இழுபட்டு வளைந்த வளையத்தைத் தட்டி நிமிர்த்தி மீண்டும் பூட்டுவதோ பெரும்பிழை. வளைந்த எஃகினுள்ளே நுண்ணிய வெடிப்பு ஒளிந்திருக்கக்கூடும்.

சிக்கனத்துக்கும் இதிற் பங்குண்டு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையிற் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அக்காலத்தில் இழுக்கும்போது கிழிந்த ஒரு மட்கார்டுக்கு மாற்றுத் தேடுவது எளிதன்று. உதிரிப்பாகங்களுக்குப் பெயர்போன பஞ்சிகாவத்தைத் தெருக்களில், பழைய பாகங்களைச் செம்மைசெய்து உயிரூட்டும் கலை இன்றும் வாழ்கின்றது. அத்தகைய நாட்டில், காரைக் கெடுக்காமல் மீட்கும் வளையம் தன் விலையைப் பலமுறை மீட்டுத் தரும்.

எனினும் காரின் நலம் இரண்டாவதே. உயர்ந்த இயந்திரத்துக்கும் அகன்ற ரயருக்கும் பணம் செலவிடுவோர் தம் வேகத்துக்காகச் செலவிடுகின்றனர். இழுவை வளையத்துக்குச் செலவிடுபவரோ, தாம் பெயரறியாத ஒரு தொண்டருக்காகச் செலவிடுகின்றார். அவ்வளையத்தை அவர் தம் கையால் ஒருநாளும் பயன்படுத்தப்போவதில்லை. தாம் செயலற்று இருக்கையிற் கட்டுண்டிருக்கும் வேளையில், பிறர் ஒருவர் ஓடிவந்து அதைப் பற்றுவார். அவர் குனிந்து நிற்கும் நேரம் ஒரு நிமிடத்திலிருந்து பத்து நொடியாகக் குறையுமாயின், அதுவே அவ்வெஃகுத் துண்டின் பயன்.

களனியின் சரக்குப் படகுகள் இன்று ஓடுவதில்லை. பாலத்துறையின் மிதவைப் பாலமும் மறைந்து நூறாண்டுக்கு மேலாயிற்று. அந்நீர்வழியில் தொழில் செய்தோர், வடத்தைக் கரையில் நிற்பவரின் கைக்கு எறியுமுன், அதன் மறுமுனை எதிற் பூட்டப்பட்டுள்ளது என்பதை ஒருமுறை பார்த்துக்கொண்டனர். திடலுக்குப் புறப்படும் கார்ச் சொந்தக்காரரும் காலையிற் செய்யத்தக்கது அவ்வளவே.